மற்ற ஸ்காபரோ

மொன்றியலில் பனி கரையத் தொடங்கும் கிழமைகளில் எங்கள் வீட்டு வாசல் ஒரு சின்னச் சதுப்புநிலமாகிவிடும். வெளியே நடந்த ஒவ்வொரு காலும் கொஞ்சம் சேற்றையும் உப்பையும் உள்ளே கொண்டுவரும். நோத்ர-டாம்-த-கிரேஸில் உள்ள இந்தப் பழைய அப்பார்ட்மென்டில், மகளின் பூட்ஸையும் என் பூட்ஸையும் ஹீற்றர் பக்கத்தில் கவிழ்த்துக் காயவைப்பது என் பின்னேர வேலை. போன கிழமை ஈர றப்பர் சூடேறி மணக்கத் தொடங்கியதும், மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு பிரெஞ்சில் என்னவோ முனகியபடி ஓடிவிட்டாள். நான் ஓடவில்லை. அந்த மணம் எனக்குப் பிடிக்கும் என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஈர றப்பரும் அதோடு கொஞ்சம் டீசலும் உப்பும் சேர்ந்தால், எனக்கு அது இங்கிலாந்தில் ஒரு படகுக் கொட்டகை. அந்தக் கொட்டகை ஞாபகம் வந்தால் றெஜினா அக்காவும் வந்துவிடுவார்.

அதைச் சொல்ல முதல் ஊரின் பெயரைச் சொல்லவேண்டும். பெயரே ஒரு தொல்லை. நான் மொன்றியலில் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு செமஸ்ரர் இங்கிலாந்தில் படிக்க இடம் கிடைத்தது. ஊர் ஸ்காபரோ. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து மாதா கோயில் மண்டபத்தில் அம்மா இதைப் பெருமையாக அறிவித்தபோது ஒருவரும் அசரவில்லை. ரொறன்ரோவில் ஒரு ஸ்காபரோ இருக்கிறதல்லவா, இங்கிலீசு ஒரு சொல் தெரியாமலே தமிழில் சீவிக்கக்கூடிய ஊர்! அம்மாவின் சிநேகிதி ஒருவர் உடனே சொன்னார்:

"ஸ்காபரோவுக்கே? அங்க என்ர மச்சாள் இருக்கிறா. கறித்தூள் தந்துவிடுறன், குடுத்துவிடு பிள்ளை."

"அன்ரி, இது இங்கிலாந்தில இருக்கிற ஸ்காபரோ."

"அங்கயும் ஒண்டு இருக்கோ?" என்றார். "அப்ப அங்கயும் எங்கட ஆக்கள் இருப்பினம். கொண்டு போ."

கறித்தூளோடுதான் போனேன். அன்ரி சொன்னதும் பிழைக்கவில்லை.

அந்த ஸ்காபரோ வடகடலைப் பார்த்தபடி இருக்கிற ஊர். இரண்டு குடா, நடுவில் குன்றின் மேல் இடிந்த கோட்டை, கையிலிருக்கும் உருளைக்கிழங்குப் பொரியலைப் பறித்துக்கொண்டு போகும் கடற்புறாக்கள். எங்கள் தெரு துறைமுகத்தை நோக்கிச் சரிந்து இறங்கும். அதன் அடியில் ஒரு மூலைக்கடை. முதல் கிழமை பால் வாங்கப் போனபோது, சிகரெட் அலுமாரிக்கு மேலே மடு மாதா படம் தொங்குவதைக் கண்டு நின்றுவிட்டேன். கல்லாவில் நின்ற பெண் என் கண் போன திசையைப் பார்த்தார்.

"தமிழோ?"

"ஓம்."

"எந்த ஊர்?"

"மொன்றியல்."

"அது சரி. அப்பா அம்மா எந்த ஊர்?"

"அப்பா வங்காலை. அம்மா மன்னார் ரவுண்."

"நான் பேசாலை, அதுவும் மன்னார்தான்," என்றார். பாலுக்குக் காசு வாங்கவில்லை. நான் அடுத்த நாள் கறித்தூளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதன்பிறகு அந்தக் கடையின் பின்னறையில், மிளகாய்த்தூள் மணத்தில், நான் சாப்பிடாத நாட்கள் குறைவு. அம்மாவும் அவரும் தொலைபேசியில் சிநேகிதமாகிவிட்டார்கள்.

அவர்தான் றெஜினா அக்கா. அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். குள்ளம், அகன்ற தோள், நடக்கும்போது எதையோ தள்ளிக்கொண்டு போவதுபோல ஒரு நடை. அவருடைய இடுப்புப் பட்டியில் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி செருகியிருக்கும். நீரிழிவுக்காரர்கள் வைத்திருக்கும் கருவி என்று நினைத்து, பாவம் என்று எனக்குள் இரங்கிக்கொண்டிருந்தேன். பிறகுதான் தெரிந்தது, அது பேஜர். கடலில் யாராவது ஆபத்தில் மாட்டினால் அது கத்தும். ஊரிலுள்ள தொண்டர்கள் கையிலிருந்த வேலையைப் போட்டது போட்டபடி படகுக் கொட்டகைக்கு ஓடுவார்கள். அக்காவும் அதில் ஒருவராகப் பழகிக்கொண்டிருந்தார்.

இதை அவர் எனக்குச் சொன்னது சோற்றுக்குள் பருப்பை விட்டபடி, பெரிய விஷயம் எதுவும் இல்லாததுபோல. படகுக்காரர்கள் கடைக்கு வந்து தேநீர் குடிக்கும்போது பகலில் ஆள் போதாது என்று புலம்புவார்களாம். ஒருநாள் இவர், "நான் வரலாமோ?" என்று கேட்டாராம். பகிடி என்று நினைத்துச் சிரித்தார்களாம். அடுத்த பயிற்சிநாள் கொட்டகை வாசலில் போய் நின்றாராம்.

"ஊரில அப்பான்ர வலையெல்லாம் நான்தான் தைச்சுக் குடுக்கிறது," என்றார். "ஆனா வள்ளத்தில ஏற விடமாட்டினம். பொம்பிளை ஏறினா மீன் படாதாம். இஞ்ச அப்பிடி ஒருத்தரும் சொல்லேல்லை."

இங்கே ஒருவர் சொன்னார். அவருடைய கணவர் அன்ரன் அண்ணை. மெலிந்த, மென்மையான மனிதர். பத்திரிகைகளை அடுக்கினால் விளிம்பெல்லாம் ஒன்றோடொன்று பொருந்தும்படி அடுக்குவார். ஊரில் அவருடைய தமையன் ஒரு காலை கடல் தொழிலுக்குப் போனவர், வள்ளமும் வரவில்லை, ஆளும் வரவில்லை. அதிலிருந்து அண்ணைக்குக் கடல் பகை. கடற்கரை ஊரில் கடை வாங்கியது குறைந்த விலைக்கு வந்ததால் மட்டும்தான். வாங்கியதும் முதல் வேலையாகக் கல்லாவைத் திருப்பிப் போட்டாராம், யன்னலுக்கு முதுகு காட்டி நிற்கும்படி. பேஜர் கத்தினால் அவர் முகம் வெளிறிவிடும்.

என் செமஸ்ரரின் கடைசிக் கிழமைகளில்தான் அந்த வீட்டில் காற்று இறுகியது. அதுவரை அக்கா பயிற்சி பெறுபவர் மட்டும்தான். உண்மையான அழைப்புக்குப் படகில் ஏற, கவிழ்ந்த படகின் அடியிலிருந்து வெளியே வரும் பரீட்சை ஒன்று மிச்சம் இருந்தது. பனிக்காலத்தில் ஒருமுறை செய்து தோற்றிருந்தார். தலைக்குமேலே படகு கவிழ்ந்து இருட்டானதும் கையும் காலும் ஓடாமல் போய்விட்டதாம். அண்ணை அந்தத் தோல்வியில் நிம்மதியடைந்திருந்தார். இப்போது அக்கா மறுபடி பரீட்சைக்கு ஆயத்தமாகிவிட்டார்.

"உமக்கு ஏன் இது? கடை இருக்கு, பிள்ளை இருக்கிறான், நான் இருக்கிறன்," என்று ஒருநாள் அண்ணை என் முன்னாலேயே கேட்டார்.

"நீங்கள் இருக்கிறீங்கள் எண்டுதானே துணிஞ்சு போறன்," என்றார் அக்கா.

அண்ணை எழுந்து கடைக்குள் போய்விட்டார். பத்திரிகைகளை மறுபடி அடுக்கும் சத்தம் கேட்டது.

நான் மொன்றியலில் சின்ன வயதிலேயே நீந்தப் பழகியவள். நகரசபைக் குளங்களில், பிரெஞ்சில் அதட்டும் ஆசிரியைகளிடம். ஆகவே அக்கா காலையில் ஊர் நீச்சல்குளத்துக்குப் பழகப் போகும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போனார். நான் பழக்கினேன் என்று சொல்ல வாய் கூசுகிறது. நான் செய்ததெல்லாம் பக்கத்தில் மிதந்துகொண்டு, "ஓம், நல்லாயிருக்கு," என்று சொன்னதுதான். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு அடிக்குப் போவார். தட்டுத்தடுமாறி மேலே வருவார். இருமுவார். மறுபடி போவார். என் கடைசிக் கட்டுரைகளை எழுதி முடிக்க வேண்டியிருந்த காலம் அது. ஒரு வயதான பெண் இவ்வளவு தண்ணீர் குடிக்கும்போது எனக்கு எழுத அலுப்பு என்று சொல்ல வெட்கமாக இருந்தது. (முப்பத்தைந்தை முதுமை என்று நினைத்த வயது எனக்கு. இப்போது அந்த முப்பத்தைந்து எனக்கும் வந்துவிட்டது.)

பரீட்சை நாளில் அண்ணை வரவில்லை. நான் நீச்சல்குளத்துக்கு மேலே, பார்வையாளர் வாங்கில் இருந்தேன். றப்பர் படகைத் தண்ணீரில் கவிழ்த்தார்கள். அடியில் அக்காவோடு மூன்று பேர். இரண்டு தலைகள் உடனே வெளியே வந்தன. மூன்றாவது வரவில்லை. கரையில் நின்ற பரீட்சகர் குனிந்தார், பாய ஆயத்தமாகக் கையை நீட்டினார். எனக்கு வாய்க்குள் ஒரு 'அருள்நிறை மரியே' செபம் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு படகின் மறுபக்கத்தில், ஒருவரும் பார்க்காத பக்கத்தில், ஒரு மஞ்சள் தலைக்கவசம் எழும்பியது. அக்கா அவசரப்படாமல் கவிழ்ந்த படகின் மேலே ஏறி, கயிற்றைப் பிடித்து, மற்ற இருவருக்கும் கையைக் கொடுத்தார்.

உடை மாற்றிக்கொண்டு வந்தபோது கேட்டேன், "ஏன் அக்கா அவ்வளவு நேரம்?"

"கண்ணைத் திறந்து பாத்தன் பிள்ளை. இருட்டு இல்லை. பச்சையா வெளிச்சம் இருக்கு. வடிவா இருந்தது. கொஞ்சம் நிண்டு பாத்திட்டு வந்தன்."

கட்டுரைகளைக் கொடுத்து முடித்தேன். அறையைக் காலிபண்ணும் நாட்கள். அம்மா ஒவ்வொரு நாளும் தொலைபேசி எடுப்பார். தான் வேலை செய்யும் கார்டெரியில், அதாவது பிள்ளைகள் காப்பகத்தில், குழந்தைகள் நித்திரை கொள்ளும் நேரம் பார்த்து, குசுகுசுத்த குரலில்: "பெட்டி கட்டிட்டியோ? கடல் பக்கம் போகாத என்ன?" நான் "இல்லையம்மா" என்பேன். யன்னலுக்கு வெளியே கடல் தவிர வேறொன்றும் தெரியாது.

என்னோடு அறை எடுத்திருந்த றூத் என்ற ஆங்கிலப் பெண்ணுக்கும் எனக்கும் ஒரு கடைசி நடை போக ஆசை வந்தது. ஊருக்குத் தெற்கே, மலைச்சுவரின் அடியோடு, பாறைத் தட்டுகளின் மேல் போகும் வழி. கடல் வற்றிய நேரம் இறங்கினோம். நல்ல வெயில், பாறைக் குழிகளில் நண்டு, சிப்பி. இனி எப்போது காண்போமோ என்று ஒவ்வொரு குழியாகக் குனிந்து பார்த்துக்கொண்டு போனோம். கரையில் கடல் பெருகும் நேரம் எழுதிய பலகை ஒன்று இருந்தது. அதன் முன்னால் நின்று படமும் எடுத்தோம். வாசிக்கத்தான் இல்லை. திரும்பிப் பார்த்தபோது வந்த வழியின் மேல் அலை ஏறியிருந்தது. முன்னால் போனால் மலை ஒரு மூக்குப்போல நீட்டியிருக்க, அங்கேயும் தண்ணீர். பின்னால் ஏற முடியாத களிமண் சுவர். தொலைபேசியில் சிக்னல் இல்லை. நாங்கள் நின்ற பாறைத் தட்டு, மெதுவாகச் சின்னதாகிக்கொண்டு வந்தது.

றூத் பலமாக அழுதாள். நான் அழவில்லை. துணிவினால் அல்ல, அம்மாவுக்கு என்ன சொல்வது என்ற யோசனையில். மலையுச்சியில் நாயோடு நடந்த ஒருவர் எங்களைக் கண்டு கையை ஆட்டினார். அவர்தான் அழைத்திருக்க வேண்டும். முழங்காலுக்குத் தண்ணீர் வந்த பிறகு, அந்த மலைமூக்கைச் சுற்றிக்கொண்டு செம்மஞ்சள் றப்பர் படகு வந்தது.

அது நேரே எங்களிடம் வரவில்லை. வந்தால் அலை அதைத் தூக்கிப் பாறையில் அறைந்துவிடும். தூரத்திலேயே நங்கூரத்தைப் போட்டு, கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, பின்பக்கமாக நெருங்கியது. அதிலிருந்து ஒரு உருவம், இடுப்பில் கயிற்றோடு, தண்ணீருக்குள் குதித்தது. அலை ஒன்று அதை விழுங்கியது. மறுபடி வந்தது. மறுபடி விழுங்கியது. தலைக்கவசமும் மஞ்சள் உடையுமாக யார் என்று தெரியவில்லை. எதையோ தள்ளிக்கொண்டு வருவதுபோல அலைக்குள் நடந்து வந்த அந்த நடையைக் கண்டதும் தெரிந்துவிட்டது.

முதலில் ஆங்கிலத்தில்தான், "கையைப் பிடிக்கச் சொன்னால் பிடிக்கவேண்டும், விடச் சொன்னால் விடவேண்டும்," என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"அட, நீயோ!"

"ஓம் அக்கா."

"உன்ர கொம்மா ஆரிட்டக் கேப்பா? என்னட்டத்தான் கேப்பா." அவ்வளவுதான் ஏச்சு. "அந்தப் பிள்ளை முதல். நீ நில். நீ நிப்பாய், எனக்குத் தெரியும்."

றூத்தை மார்போடு அணைத்துக்கொண்டு அலைக்குள் போனார். நான் தனியே நின்றேன். நான் நிற்பேன் என்று ஒருவர் சொன்னதால் நின்றேன். இன்றுவரை எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் பெரியது அதுதான். திரும்பி வந்து என்னைத் தோளில் போட்டபோது அவர் மூச்சு வாங்கியது காதுக்குள் கேட்டது. அது அவருடைய முதல் அழைப்பு என்பது கரைக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

கொட்டகையில் எங்களைக் கம்பளியால் சுற்றி, கையில் சூடான தேநீரைத் தந்தார்கள். சுவரெல்லாம் ஈர உடைகள் தொங்கின. நான் சொன்ன மணம் அங்கேதான். அந்த நேரம் சரிவில் யாரோ ஓடி வரும் சத்தம். அன்ரன் அண்ணை. கடை உடுப்போடு, காலில் வீட்டுச் செருப்போடு. அந்த ஊரில் அவர் தண்ணீருக்கு அவ்வளவு கிட்டே வந்ததை ஒருவரும் பார்த்ததில்லை. கடையைப் பூட்டாமல், சாமான் வாங்க நின்ற ஆட்களை அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தார் என்று பிறகு தெரிந்தது.

என்னை அவர் கவனிக்கவேயில்லை. அக்காவின் முன்னால் போய் நின்றார். அக்கா தலைக்கவசத்தைக் கழற்றினார். நெற்றியில் ஒரு கீறல்.

"முடிஞ்சுதோ?" என்று கேட்டார் அண்ணை.

"முடிஞ்சுது."

"எல்லாரையும் ஏத்தியாச்சோ?"

"எல்லாரையும் ஏத்தியாச்சு."

அவர் தலையை ஆட்டினார். பிறகு பின்னால் போய்க் குனிந்து, அக்காவின் உடையின் முதுகுப் பக்க ஸிப்பைப் பிடித்து, எப்படித் திறப்பது என்று தெரியாமல் இழுத்தார். பக்கத்தில் நின்ற படகுக்காரர் காட்டிக் கொடுக்க வந்தார். அண்ணை அவரைக் கையால் விலக்கிவிட்டு, தானே கண்டுபிடித்தார்.

நான் புறப்படுவதற்கு முதல்நாள் மத்தியானம் எனக்கு விருந்து. மீன்குழம்பும் புட்டும். அப்போதுதான் கேட்டேன், ஏன் அக்கா இது, அண்ணை இவ்வளவு பயப்பட்டும் ஏன் என்று. அவர் மீனின் முள்ளை எடுத்தபடியே சொன்னார்.

சிறுமியாக இருந்தபோது, சண்டைக்குத் தப்பி, குடும்பத்தோடு வள்ளத்தில் இந்தியாவுக்குப் புறப்பட்டார்களாம். வள்ளக்காரன் நடுக்கடலில் ஒரு மணல்திட்டில் இறக்கிவிட்டு, இதுதான் கரை என்று சொல்லிப் போய்விட்டான். விடிந்தபோது நாலு பக்கமும் கடல். தண்ணீர் ஏற ஏறத் திட்டு சுருங்கியது. தாய் இவரைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றாராம்.

"பேந்து ஒரு மீன்பிடிக்காரர் வந்தார். இந்தியப் பக்கத்து ஆள். 'ஏறுங்கம்மா, ஒண்ணும் ஆகாது' எண்டு சொன்னவர். அண்டைக்கு அவருக்குத் தொழிலில்லை, எங்களை ஏத்தினதால. பேர் கேக்கேல்லை. முகமும் ஞாபகம் இல்லை. தேடி நன்றி சொல்ல வழியில்லைப் பிள்ளை." கையைக் கழுவ எழுந்தார். "அதால வேற ஆரையாவது ஏத்துவம் எண்டு நினைச்சன்."

அன்ரன் அண்ணை பெரிய மீன் துண்டொன்றை எடுத்து எழுந்த அக்காவின் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தார்.

மொன்றியலில் விமானத்தால் இறங்கியபோது அப்பா ஜான்-டலோன் சந்தையிலிருந்து நேரே வந்திருந்தார். அவர் வேலை செய்யும் மரக்கறிக் கடையின் பச்சைக் கொத்தமல்லி மணம் அவரோடு வந்தது. அம்மா என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. றெஜினா அக்கா முன்னமே தொலைபேசி எடுத்துச் சொல்லிவிட்டாராம், வேறு யாராவது சொல்லிக் கேள்விப்படுவதைவிடத் தான் சொல்வது நல்லது என்று. அம்மா என்னை ஏசவில்லை. அன்றுமுதல் ஒவ்வொரு ஞாயிறும் கோயிலில் பேசாலைப் பெண் ஒருத்திக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தினார்.

போன இலையுதிர் காலத்தில் கணவரோடு அந்த ஊருக்குப் போனேன். மூலைக்கடை நகத்துக்குச் சாயம் பூசும் கடையாகிவிட்டது. நான் படித்த கட்டடத்தில் வேறு எதுவோ நடக்கிறது. படகுக் கொட்டகையில் எல்லாம் புது முகங்கள், புதுப் படகு. ஒரு இளைஞன் மட்டும், "றெஜினாவா? அவரிடம்தான் நான் முடிச்சுப் போடப் பழகினேன்," என்றான். அக்கா முழங்கால் வருத்தம் வரும்வரை பல வருடம் அதில் போனவர். இப்போது அண்ணையோடும் மகனோடும், இங்கிலாந்தின் நடுப்பகுதியில் கடலே இல்லாத ஒரு ஊரில் இருக்கிறார். தொலைபேசியில் அவர் குரல் மாறவில்லை. எத்தனை பேரை ஏற்றினீர்கள் என்று கேட்டேன். "அதை ஆர் எண்ணினது?" என்றார்.

பின்னேரம் மலைப்பாதையில் நடந்தோம். ஓரிடத்தில் வேலி போட்டு மறித்திருந்தார்கள். தொடர்ந்து பெய்த மழையில் மலைச்சுவர் இடிந்து, அடியிலிருந்த பாறைத் தட்டுகளை மூடி, கடலுக்குள் இறங்கிவிட்டதாம்.

"எவ்விடத்தில நிண்டனீர்?" என்று கணவர் கேட்டார்.

நான் கையை நீட்டினேன். நீட்டிய இடத்தில் மண்கலங்கிய தண்ணீர் மட்டும் இருந்தது. கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம் என்று விரலை நகர்த்திப் பார்த்தேன். பிறகு கையை இறக்கிக்கொண்டேன்.